பிரெய்டு நூலோடு லீடரை இணைக்க எந்த முடிச்சு? முழுமையான வழிகாட்டி

லூர் (செயற்கை இரை) போட்டு மீன் பிடிக்கப் புதிதாக வருபவர்கள் ராடு, ரீல், பிரெய்டு (பின்னல் நூல்) எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். மீன் தப்புவது பெரும்பாலும் லீடர் முடிச்சில்தான், அதாவது பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவில் போடும் தடித்த நரம்பை பிரெய்டோடு இணைக்கும் முடிச்சில். முடிச்சைத் தவறாகக் கட்டியதால் போன மீன்கள் ஒரு பங்கு. அந்த இடத்துக்குப் பொருந்தாத முடிச்சைச் சரியாகக் கட்டியதால் போனவையும் அதே அளவு இருக்கும். அதனால் கட்டும் முறைக்கு முன்னால் தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம்.

இங்கே விளக்கப்படுபவை மூன்று முடிச்சுகள்: டபுள் யூனி, ஆல்பர்ட்டோ, எஃப்.ஜி. இந்த மூன்றும் கைவந்தால் ஏரி விராலிலிருந்து கடல் பாரை வரை போதும்.

## 1. தங்கூசிக்குப் பழகிய கை இங்கே ஏன் உதவாது

தங்கூசி நரம்பு இழுத்தால் நீளும், சற்று அமுங்கும். முடிச்சை இறுக்கும்போது அது தன்னைத் தானே கவ்விக்கொள்ளும். பிரெய்டு பாலிஎத்திலீன் இழைகளின் பின்னல். வழவழப்பானது, அதிகம் நீளாது. தங்கூசிக்குப் போடும் நான்கைந்து சுற்றை அதில் போட்டால் மெல்ல மெல்ல நழுவி வந்துவிடும்.

இரண்டாவது சிக்கல் தடிமன். பிரெய்டின் தடிமனை பி.இ. எண்ணால் குறிப்பார்கள்: பி.இ. 1 பிரெய்டு சுமார் 0.165 மி.மீ., பி.இ. 2 சுமார் 0.235 மி.மீ. அதோடு இணைக்கும் 30 எல்.பி. (பவுண்டு, தாங்கும் எடை) ஃபுளோரோகார்பன் லீடர் அரை மி.மீ. அளவுக்கு வரும். ஒல்லியான நூல் தடித்த நரம்பை அழுத்தி மடக்க முடியாது. மாறாக, அந்த ஒல்லி நூலே தன்மேல் கூர்மையாக மடங்கி, அந்த மடிப்பில் அறும்.

ஆகவே பிரெய்டு முடிச்சு எதுவானாலும் வேலை ஒன்றுதான்: நிறையச் சுற்றுகளைப் போட்டு, இழுவிசையை அவற்றின் மேல் பரப்பிவிடுவது. மூன்று முடிச்சுகளும் இதை எவ்வளவு நன்றாகச் செய்கின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன.

## 2. கட்டும் முன் மூன்று கேள்விகள்

முடிச்சு ராடின் வளையங்களுக்குள் போகுமா? முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். லீடர் அரை மீட்டர் மட்டும் என்றால், எறியும்போது முடிச்சு ராடு நுனிக்கு வெளியே தொங்கும். அது தடியாக இருந்தாலும் குறையில்லை. லீடர் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் முடிச்சு ஒவ்வொரு எறிதலிலும் எல்லா வளையங்களையும் இடித்துக்கொண்டு வெளியேறும். அப்போது மெல்லிய முடிச்சு கட்டாயம்.

லீடர் எவ்வளவு தடி? 30 எல்.பி. வரை மூன்று முடிச்சும் பொருந்தும். 40 எல்.பி.க்கு மேல் டபுள் யூனி பருத்துவிடும், இறுக்கவும் கை போதாது. 50 எல்.பி.க்கு மேல் ஆல்பர்ட்டோவும் வேண்டாம், ஏனென்றால் அதில் லீடர் இரண்டாக மடிகிறது. அதற்கு மேல் எஃப்.ஜி. மட்டும்தான்.

எங்கே நின்று கட்டப் போகிறீர்கள்? வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், நேரம் எடுத்துக் கட்டும் முடிச்சு வேறு. ஆடும் படகிலும், தூண்டில் வளைவின் பாறைமேல் காற்றில் நின்றும் கட்டுவது வேறு. எஃப்.ஜி.யை அரைகுறையாகக் கட்டினால் அது டபுள் யூனியைவிட மோசம். ஒழுங்காகக் கட்டிய சாதாரண முடிச்சு போதும்.

முடிவு எளிது. வீட்டிலிருந்து கிளம்பும்போது எஃப்.ஜி. கட்டிக்கொண்டு போங்கள். களத்தில் லீடர் அறுந்தால், 30 எல்.பி. வரை லீடருக்கு டபுள் யூனி, 40-க்கு ஆல்பர்ட்டோ. ஏரியில் விராலுக்கு, குட்டை லீடரோடு, டபுள் யூனியே போதும். அதற்கு எஃப்.ஜி. கட்டுவது ஆசைக்குத்தான்.

## 3. கையில் இருக்க வேண்டியவை

- பிரெய்டு வெட்டும் கத்தரி. நகவெட்டி பிரெய்டை நசுக்கிப் பிய்க்கும், வெட்டாது. பிய்ந்த நுனி லீடர்மேல் சீராகப் படியாது.
- விரல் கனத்தில் இரண்டு மரக்குச்சி, அல்லது தடித்த துணிக் கையுறை. பிரெய்டை வெறுங்கையில் சுற்றி இழுத்தால் தோலை அறுத்துவிடும்.
- நனைக்க நல்ல தண்ணீர் அல்லது எச்சில். கடல்நீரும் ஆகும், மணல் கலந்த அலைநீர் ஆகாது.
- மீன் எடை பார்க்கும் சிறு சுருள்வில் தராசு. கட்டாயமில்லை, ஆனால் இது இல்லாதவர்கள் முடிச்சை ஊகத்தில்தான் நம்புகிறார்கள்.

லைட்டர் வேண்டாம். லீடர் நுனியைச் சுட்டு உருண்டையாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பாலிஎத்திலீன் சுமார் 145 டிகிரி செல்சியஸிலேயே உருகும். சுடர் நூலைத் தொடவே வேண்டாம், பக்கத்தில் வந்தாலே போதும்.

## 4. லீடரைத் தயார் செய்தல்

வகையை முதலில் முடிவு செய்யுங்கள். ஃபுளோரோகார்பன் நீரைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு அடர்த்தி, மூழ்கும், பாறை உரசலை நன்றாகத் தாங்கும். மேல்நீரில் ஆடும் பாப்பர் போன்ற லூருக்கு அந்தக் கனம் மூக்கைக் கீழே இழுக்கும். அதற்கு நைலான் லீடர் மேல்.

கொடுவாவுக்குப் பல் பெரிய சிக்கலில்லை. வாய் உப்புத்தாள்போல் சொரசொரப்பாக இருக்கும், செவுள் மூடி கத்தி. எனவே ஒல்லியான பிரெய்டு நூலாக இருந்தாலும் லீடர் 30 முதல் 40 எல்.பி. வரை வேண்டும். சீலா, வஞ்சிரம் இரண்டும் கத்திரிப்பவை. அங்கே முடிச்சை மாற்றிப் பயனில்லை. லூருக்கு முன்னால் கைநீளக் கம்பி போடுங்கள்.

சுருளிலிருந்து எடுத்த லீடரை அப்படியே கட்டாதீர்கள். ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி, சீராக இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்தால் சுருள் போய்விடும். சுருண்ட லீடர்மேல் எஃப்.ஜி. கட்டினால் சுற்றுகள் ஒரு பக்கம் நெருக்கியும் மறுபக்கம் இடைவிட்டும் விழும்.

பிறகு நகத்தால் முழு நீளத்தையும் வருடிப் பாருங்கள். கீறல் தட்டுப்பட்டால் அந்தத் துண்டு குப்பைக்கு.

## 5. டபுள் யூனி: பழகத் தொடங்க வேண்டிய முடிச்சு

1. லீடர் நுனியையும் பிரெய்டு நுனியையும் எதிரெதிராக, 20 முதல் 25 செ.மீ. வரை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். கஞ்சத்தனமாக 10 செ.மீ. வைப்பவர்கள்தான் கடைசியில் வால் போதாமல் திணறுவார்கள்.
2. லீடர் வாலைத் திருப்பி ஒரு வளையம் போடுங்கள். அந்த வளையத்துக்குள் நுழைத்து, லீடர், பிரெய்டு இரண்டையும் சேர்த்து 4 சுற்று. தடிநரம்பு என்பதால் 4 போதும். 6 சுற்று போட்டால் சமமாக இறுகாது.
3. நனைத்து, வாலை இழுத்து மூடுங்கள். முழு இறுக்கம் இப்போது வேண்டாம்.
4. மறுபக்கம் பிரெய்டு வாலால் அதேபோல் வளையம், அதற்குள் 8 சுற்று. 8 இழைப் பிரெய்டு கூடுதல் வழவழப்பு, அதற்கு 10.
5. நனைத்து, பிரெய்டு பக்கத்தை இழுத்து மூடுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசையாகப் படிகின்றனவா என்று பாருங்கள்.
6. இப்போது ரீல் பக்க நூலையும் லீடரையும் எதிரெதிராக இழுங்கள். இரண்டு முடிச்சும் வழுக்கி வந்து ஒன்றையொன்று முட்டும்.
7. முட்டிய பிறகு வால்களை ஒவ்வொன்றாக மறுபடி இழுத்து இறுக்கி, அதன் பின்னரே வெட்டுங்கள். பிரெய்டு வால் 3 மி.மீ. விடுங்கள், லீடர் வால் ஒட்ட.

ஆறாவது படிக்கு முன்னாலேயே இரண்டு பக்கத்தையும் முழுதாக இறுக்கிவிடுவது வழக்கமான தவறு. அப்புறம் இறுகிய முடிச்சை இழுத்து நகர்த்தும்போது உராய்வில் பிரெய்டு சூடாகி வலுவிழக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மீன் இழுக்கும்போதுதான் தெரியும்.

பி.இ. 1-க்குக் கீழே போனால் பிரெய்டை இரட்டையாக மடித்து, அந்த இரட்டை நூலால் 6 சுற்று போடுங்கள். தடிமன் வித்தியாசம் குறையும்.

## 6. ஆல்பர்ட்டோ: களத்தில் கை கொடுப்பது

1. லீடர் நுனியை 6 செ.மீ. அளவுக்கு மடித்துக் கொண்டையூசிபோல் ஒரு கண்ணி ஆக்குங்கள்.
2. பிரெய்டு நுனியைக் கண்ணிக்குள் அடியிலிருந்து மேலாக நுழைத்து 25 செ.மீ. வெளியே இழுங்கள். எந்தப் பக்கமாக நுழைந்தது என்பதை நினைவில் வையுங்கள்.
3. கண்ணியின் இரண்டு காலையும் சேர்த்து, கண்ணி வாயிலிருந்து (மடிந்த முனையிலிருந்து) விலகிப் போகும் திசையில் 7 சுற்று.
4. திரும்பி, அந்தச் சுற்றுகளின் மேலேயே வாயை நோக்கி 7 சுற்று.
5. நுழைந்த பக்கமாகவே நுனியை வெளியே விடுங்கள்.
6. நனையுங்கள். சுற்றுகளை விரலால் பிடித்தபடி லீடரின் இரண்டு காலையும் ரீல் பக்க நூலையும் மெதுவாக இழுங்கள். சுற்றுகள் கண்ணி வாய்க்கு அருகே வந்து குவிந்ததும், பிரெய்டு வாலைத் தனியாக ஒருமுறை இழுத்து, பிறகு முழு பலத்தில் இறுக்குங்கள்.

எதிர்ப்பக்கமாக நுனியை விட்டுவிட்டால் பிரெய்டு கண்ணியின் வாயைக் குறுக்கே அறுப்பதுபோல் உட்காரும். பார்க்க முடிச்சு சரியாகவே இருக்கும், பாதி பலத்தில் விட்டுவிடும். இந்த முடிச்சில் நடக்கும் தோல்விகளில் பெரும்பகுதி இந்த ஐந்தாவது படியில்தான்.

வாய்க்கு மேலே சுற்று தாவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்று தாவினாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுவதுதான் வழி.

## 7. எஃப்.ஜி.: மெல்லியது, ஆனால் பொறுமை கேட்பது

இதில் லீடர் மடங்குவதே இல்லை. நேராகக் கிடக்கும் லீடர்மேல் பிரெய்டு குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, இழுக்க இழுக்க லீடரின் மேல்தோலைக் கடிக்கிறது. முடிச்சின் கனம் லீடரின் கனத்தைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். அதனால்தான் வளையங்களுக்குள் வழுக்கிப் போகிறது.

ஆனால் கடிப்பதற்கு லீடரில் சதை வேண்டும். கால் மி.மீ.க்குக் குறைந்த லீடரில் எஃப்.ஜி. கட்டி ஒரு லாபமும் இல்லை.

1. ரீல் பக்க நூலை இடது கைச் சுண்டுவிரலில் நான்கு சுற்று, வால் பக்கத்தை ஆள்காட்டி விரலில் நான்கு சுற்று சுற்றி, நடுவில் வில் நாண்போல் விறைப்பாக நிறுத்துங்கள். வால் 40 செ.மீ. மிச்சம் இருக்கட்டும். அரைமுடிச்சுகள் நிறைய நூலைத் தின்னும்.
2. லீடர் நுனியை நாணின் மேல் குறுக்கே வையுங்கள். இப்போது லீடருக்கு இருபுறமும் பிரெய்டுக்கு இரண்டு கால்கள். மணிக்கட்டை உள்ளும் புறமுமாகத் திருப்பி, லீடர் நுனியை மாறி மாறி மேலிருந்தும் அடியிலிருந்தும் கொண்டுபோகும்போது, அந்த இரு கால்களும் ஒருமுறை லீடரின் முன்பக்கம், ஒருமுறை பின்பக்கம் குறுக்கே வெட்டி இடம் மாற வேண்டும்.
3. இப்படி 20 குறுக்கு வெட்டுகள். 8 இழைப் பிரெய்டு என்றால் 24. நாண் ஒரு கணமும் தளரக் கூடாது.
4. பின்னலை விரலால் அமுக்கிப் பிடித்து, பிரெய்டு வாலால் லீடர், ரீல் பக்க நூல் இரண்டையும் சேர்த்து ஓர் அரைமுடிச்சு போட்டுப் பூட்டுங்கள்.
5. நனைத்து, ரீல் பக்க நூலை ஒரு குச்சியிலும் லீடரை இன்னொன்றிலும் சுற்றி, விட்டுவிட்டு அல்லாமல் சீராக, வலுவாக இழுங்கள். பின்னல் சுருங்கி ஒல்லியாகும், நூலின் நிறம் அடர்ந்து தெரியும்.
6. இரண்டையும் சேர்த்து மேலும் 5 அரைமுடிச்சு, ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து. ஒரே பக்கமாகப் போட்டால் முறுக்கிக்கொண்டு சரியும்.
7. மறுபடி முழு பலத்தில் இழுங்கள். அதன் பிறகுதான் லீடர் வாலை ஒட்ட வெட்ட வேண்டும். பிரெய்டில் கத்தரி படாமல், லீடரைச் சற்று ஒதுக்கிச் சாய்வாக.
8. வெட்டிய முனையைத் தாண்டி, ரீல் பக்க நூலை மட்டும் சுற்றி 4 அரைமுடிச்சு. வளையத்துக்குள் நுழையும்போது லீடரின் வெட்டு முனை தட்டாமல் இவை சரிவு அமைத்துக் கொடுக்கும்.
9. கடைசி அரைமுடிச்சில் மட்டும் வாலைக் கண்ணிக்குள் மூன்று முறை விட்டு இறுக்கி, 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள்.

இரண்டாவது படியின் கையசைவு எழுத்தில் முழுதாகப் பிடிபடாது. அதைவிட உருவத்தைப் பார்த்துச் சரிசெய்வது நல்லது. லீடர்மேல் சலங்கைக் கயிறு கட்டியதுபோல் குறுக்குக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தால் சரி. ஒரே திசையில் ஓடும் சுருள்போலத் தெரிந்தால், எங்கோ ஒரே பக்கமாக இரண்டு முறை போய்விட்டீர்கள். அது லீடரைக் கடிக்காது. முதலில் காலணிக் கயிற்றையும் தடித்த தங்கூசியையும் வைத்து இருபது முறை பழகுங்கள். கண்ணுக்குத் தெரியும் கனத்தில் கை பழகினால் ஒல்லி நூலிலும் வரும்.

ஐந்தாவது படியில் நிறம் மாறவில்லை என்றால் முடிச்சு இன்னும் உட்காரவில்லை. அதற்குமேல் எத்தனை அரைமுடிச்சு போட்டாலும் வீண். அரைமுடிச்சுகள் பூட்டு மட்டுமே. சுமையைத் தாங்குவது பின்னல். புதியவர்கள் இதைத் தலைகீழாக நினைத்து, பின்னலைப் பத்தோடு நிறுத்திவிட்டு அரைமுடிச்சை இருபது போடுகிறார்கள். கல்போல் கெட்டியாகத் தெரியும், முதல் பெரிய பாரை அதை உருவிக்கொண்டு போய்விடும்.

## 8. தண்ணீரில் போடும் முன் சோதனை

ரீலின் டிராக்கை (மீன் இழுக்கும்போது எவ்வளவு விசையில் நூல் வெளியேறலாம் என்பதைத் தீர்மானிக்கும் தடையை) பிரெய்டு தாங்கும் எடையில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். 20 எல்.பி. நூல் என்றால், அதாவது சுமார் 9 கிலோ, டிராக் 2.25 கிலோ. முடிச்சைத் தராசில் மாட்டி அதன் இரு மடங்கு, 4.5 கிலோ வரை இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அறுந்தால் குச்சி முகத்துக்குத்தான் வரும்.

பிறகு முடிச்சை எல்லா வளையங்களுக்குள்ளும் கையால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், வெளியேயும் உள்ளேயும். எந்தத் திசையில் தட்டுகிறதோ அந்தப் பக்கத்து வாலைச் சரிசெய்ய வேண்டும்.

லீடர் நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். டபுள் யூனி, ஆல்பர்ட்டோ இரண்டும் ராடு நுனிக்கு வெளியே தொங்கும்படி 50–60 செ.மீ. எஃப்.ஜி.க்கு ஒன்றரை மீட்டர் முதல் ராடு நீளம் வரை. கனமான ஜிக் (உலோக லூர்) எறிபவர்கள் லீடரே ரீலில் நாலைந்து சுற்று விழும்படி வைக்கலாம். எறியும் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும்.

## 9. அறுந்த நுனி என்ன சொல்கிறது

அறுந்ததும் கோபத்தில் வெட்டி எறிந்துவிடாதீர்கள். மிச்சம் வந்த நுனிதான் காரணம் சொல்லும்.

லீடரும் போய், பிரெய்டு நுனி பன்றிவால்போல் சுருண்டு வந்தால், முடிச்சு நழுவிப் பிரிந்திருக்கிறது. சுற்று குறைவு, அல்லது நனைக்காமல் இறுக்கியது. பிரெய்டு நுனி சுருளின்றிப் பஞ்சாக விரிந்திருந்தால், நூல் வேறெங்கோ உரசித் தேய்ந்து அறுந்தது. அந்த நூலில் இரண்டு மூன்று மீட்டர் வெட்டிவிட்டுத் தொடங்குங்கள். ராடு வளையத்தின் உள்விளிம்பைப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் வளையத்தில் விரிசல். எத்தனை முடிச்சு மாற்றினாலும் தீராத நோய் அது.

பிரெய்டு முடிச்சு வாயிலேயே சுத்தமாகத் துண்டாகியிருந்தால், நூல் தன்னைத்தானே அறுத்திருக்கிறது. டபுள் யூனியில் இது அதிகம். இரட்டை நூலுக்கு மாறுங்கள்.

லீடரில் பாதி திரும்பி வந்தால் முடிச்சின்மேல் பழியில்லை. நுனி சொரசொரப்பாக, வெளுத்திருந்தால் பாறை அல்லது சிப்பி. சாய்வாக, கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் பல் அல்லது செவுள் மூடி.

எஃப்.ஜி.யில் மட்டும் இன்னொரு வகை உண்டு. பிரெய்டுப் பின்னல் வெறும் குழல்போல் திரும்பி வரும், உள்ளே லீடர் இருக்காது. உருவிக்கொண்டு போயிருக்கிறது. ஐந்தாவது படியில் போதிய இழுப்பு இல்லை.

## 10. மறுபடி எப்போது கட்டுவது

எஃப்.ஜி.யின் வால் பக்கத்து அரைமுடிச்சுகள் முதலில் தேயும். நகத்தால் வருடும்போது இழை பிரிந்து நின்றால் அன்றே மாற்றுங்கள். முடிச்சு வளையத்தில் தட்டும் சத்தம் புதிதாகக் கேட்டாலும் அப்படியே.

பாறையில் மாட்டி, நேராக இழுத்து விடுவித்த ஒவ்வொரு முறையும் லீடரின் கடைசி ஒரு மீட்டரை வருடிப் பாருங்கள். டபுள் யூனியும் ஆல்பர்ட்டோவும் ஒரு நாள் மீன்பிடிப்புக்கு மேல் வைக்க வேண்டாம். இரண்டு நிமிட வேலைதான். எஃப்.ஜி. லீடர் குட்டையாகும்வரை நிற்கும். லூர் மாற்ற மாற்ற லீடர் குறைந்து முடிச்சு ராடு நுனிக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டால், முடிச்சு நன்றாக இருந்தாலும் புதிய லீடர் கட்டுங்கள். கரைக்கு வந்த மீன் கடைசியாகத் தலையை உதறும்போது பாறையிலும் செவுளிலும் உரசப்போவது லீடராக இருக்க வேண்டும், பிரெய்டாக இருக்கக் கூடாது.